சீனன்குடா எண்ணெய்த் தாங்கிகளில் நமக்கென்று ஒரு பங்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

பாரசீக வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் வெளியே வரும் வழியான ஹோர்முஸ் நீரிணை பற்றிய உங்கள் தலையங்கத்தை வாசித்தேன். ஈரான், சவூதி, அமெரிக்கா என்று போட்டியை நன்றாக விளக்கியிருந்தீர்கள். அங்கே விழும் அடி வன்னியில் எங்கே வலிக்கும் என்பதையும் எழுதியிருக்கலாம்.

மிக ஒடுங்கிய இடத்தில் அந்த நீரிணை 33 கிலோமீற்றர் அகலம்தான். 2024இல் உலகம் பாவித்த எண்ணெயில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அதனூடாகப் போனது. அங்கே சண்டை வரும் என்ற கதை அடிபட்டாலே கப்பல் காப்புறுதி ஏறும், பிறகு எண்ணெய் விலையும் ஏறும்.

2022இல் நீரிணை திறந்துதான் இருந்தது. எண்ணெய் வாங்க நம்மிடம் டொலர் இல்லை, அவ்வளவுதான். அதற்கே இங்கே பட்ட பாடு பெரும் பாடு. சிறுபோகக் கதிர் முற்றி நிற்க, வெட்டு மிசினுக்கு டீசல் தேடிக் கானோடு வரிசையில் கிடந்தோம். அந்த ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரேயடியாக 340 ரூபாவானது. முல்லைத்தீவில் மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரப் படகு வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், எத்தனை நாள் வள்ளத்தைக் கரையிலேயே விட்டிருந்தார்கள் என்று சொல்வார்கள். போர்க்காலத்தில் வடக்குக்கு அரசு போட்ட பொருளாதாரத் தடையின்போது காபரேற்றருக்குள் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு உதைத்து, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய சனம் நாங்கள். அந்தச் சமாளிப்பையே இன்னொரு தலைமுறைக்கும் கொடுக்க முடியாது.

2024 ஜனவரியில், ஹூதிகளின் தாக்குதலிலிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கச் செங்கடலுக்குக் கடற்படைக் கப்பல் அனுப்பப் போவதாக அரசு சொன்னது. இரண்டு கிழமைக்கு 25 கோடி ரூபா செலவாகும் என்றார் அப்போதைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க. வல்லரசுகள் காவல் செய்யும் கடலில் நம் ஒரு கப்பலால் என்ன ஆகும்? அந்தக் காசு கரையில் எண்ணெய் சேமிக்கப் போயிருக்க வேண்டும்.

இடமும் இருக்கிறது. பிரித்தானியர் தம் ஆட்சிக் காலத்தில் கட்டிய எண்ணெய்த் தாங்கிகளில் 99 திருகோணமலைச் சீனன்குடாவில் நிற்கின்றன. பெரும்பாலானவை பல தசாப்தங்கள் பற்றை மூடிக் கிடந்தன. 2022 ஜனவரி ஒப்பந்தப்படி 14 இந்தியன் ஓயிலின் இலங்கைத் துணை நிறுவனத்துக்கு, 24 நமது பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டும் சேர்ந்த கூட்டு நிறுவனத்துக்கு. யாருக்கு எத்தனை என்று பேசிய அளவுக்கு, நெருக்கடி வந்தால் யாருக்கு எண்ணெய் என்று எவரும் பேசவில்லை. சர்வதேச எரிசக்தி முகவரகத்தில் உள்ள நாடுகள் குறைந்தது 90 நாள் இறக்குமதிக்கு ஈடான எண்ணெயைக் கையிருப்பில் வைக்க வேண்டும் என்பது விதி. அவ்வளவு நம்மால் முடியாது, சரி. கூட்டுத்தாபனத்தின் 24 தாங்கிகளில் சிலதையாவது விவசாயத்துக்கும் கடற்றொழிலுக்கும் என்று சட்டப்படி ஒதுக்கி, கமநல சேவை நிலையங்கள், கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பங்கிடலாமே? வடக்கு, கிழக்கு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அடுத்த வரவு செலவுத் திட்ட விவாதத்தில் இதைக் கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
நெற்செய்கையாளர் ஒருவர்,
பரந்தன்.