பருமனா, கன அளவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாடங்களை இணைத்துக் கற்பிப்பது பற்றித் தங்கள் கல்விப் பக்கத்தில் வந்த கட்டுரை, ஆண்டு இறுதிக் கண்காட்சியையும் தெர்மாகோல் மாதிரிகளையும் தாண்டவில்லை. பல துறை ஆசிரியர்கள் சேர்ந்து ஓராண்டு முழுக்க ஒரு வகுப்பை நடத்துவதென்றால் வேலை ஜூன் மாதமே தொடங்கிவிடும். எங்கள் வடசென்னைப் பக்கத்து ஒன்பதாம் வகுப்பை வைத்து அதை விளக்குகிறோம்.

முதலில் ஐந்து பாடப் புத்தகங்களின் பொருளடக்கத்தையும் ஒரே மேசையில் விரித்துவைக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்ட அறிவியலில் இரண்டாவது அலகே 'இயக்கம்'. தொலைவு–காலம், திசைவேகம்–காலம் வரைபடங்கள் அதிலேயே வந்துவிடும். கணிதத்தில் ஆயத்தொலை வடிவியல் (கிராஃப் தாளில் புள்ளி குறிக்கும் பாடம்) ஐந்தாவது அலகு. எட்டாம் வகுப்பில் புள்ளி குறிக்கப் படித்தது கோடை விடுமுறையில் பாதி மறந்திருக்கும். அறிவியல் ஆசிரியர் கோட்டின் சாய்வைப் பற்றிப் பேசும்போது, பிள்ளைகள் கிராஃப் தாளில் ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு என்பதிலேயே நின்றுவிடுவார்கள். அலகு முழுவதையும் முன்னால் இழுக்க முடியாது. காலாண்டுக்குப் பொது வினாத்தாள் வரும், அதற்கென்று குறித்த பகுதியை முடித்தாக வேண்டும். ஜூலையில் இரண்டு பாடவேளை மட்டும் கணித ஆசிரியர் புள்ளி குறிப்பதையும் அளவுத்திட்டத்தையும் நடத்திக் கொடுத்தால் போதும். பயிற்சிக்குக் கும்மிடிப்பூண்டி லோக்கல் ரயிலின் கால அட்டவணை கைவசம் இருக்கிறது. ரயில் நிற்கும் இடத்தில் கோடு படுத்துவிடும். கொருக்குப்பேட்டையில் சிக்னலுக்குக் காத்திருந்த பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டாம். ராயபுரம் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டதையும் இங்கேயே சொல்லிச் சமூக அறிவியலையும் சேர்த்துவிடலாமே என்று கை துறுதுறுக்கும். சேர்க்க வேண்டாம். வரைபடத்துக்கும் அந்த ஆண்டுக்கும் ஒட்டே இல்லை.

பத்தாம் வகுப்பில் இன்னும் சங்கடம். வேதியியலில் pH (அமில, காரத் தன்மையின் அளவு) கணக்குக்கு மடக்கை (லாகரிதம்) தேவை. கணிதப் புத்தகத்தில் மடக்கை பதினொன்றாம் வகுப்பில்தான் வருகிறது. யார் சொல்லித் தருவது என்று முன்கூட்டியே பேசி வைக்காவிட்டால் பிள்ளைகள் சூத்திரத்தை உருப்போடுவார்கள், அவ்வளவுதான்.

அடுத்தது சொற்கள். இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கணக்கில் பாதிக் குழப்பம் இதில்தான். தமிழ்வழிக் கணிதப் புத்தகம் 'கன அளவு' என்பதை அறிவியல் புத்தகம் 'பருமன்' என்கிறது. இரண்டும் ஒன்று என்று ஒருவரும் சொல்லாததால், உருளையின் கன அளவைச் சரியாகப் போடும் பிள்ளை அடர்த்திக் கணக்கில் பருமன் எங்கே என்று தேடும். கணக்கில் 'எடை 5 கி.கி.' என்று எழுதலாம். அறிவியலில் அது நிறை, எடைக்கு அலகு நியூட்டன். மக்கள் அடர்த்தியும் நீரின் அடர்த்தியும் வகுத்தல்தான். ஒன்றில் கீழே சதுர கி.மீ., மற்றதில் கன செ.மீ. இப்படி ஒரு முப்பது சொல்லை ஒரு சார்ட்டில் எழுதி வகுப்பிலேயே மாட்டிவிடலாம். ஆசிரியர் அறையில் மாட்டிப் பயனில்லை.

கால அட்டவணைக்கு வருவோம். வாரம் 40 பாடவேளையில், பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடுத்தடுத்த இரண்டு வேளை சேர்ந்து கிடைத்தால் போதுமானது. திங்கள் முதல் வேளை வேண்டாம், பிரேயர் அதில் கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். இதைவிட முக்கியம், ஆசிரியர்களுக்குப் பொதுவான ஓய்வு வேளை வாரம் ஒன்று. அதை வெறும் ஃப்ரீ பீரியடாக விட்டால் யாராவது லீவு போடும் அன்று சப்ஸ்டிடியூஷன் வந்து விழும். 'கூட்டுத் திட்டமிடல்' என்று அட்டவணையிலேயே எழுதித் தலைமையாசிரியரின் கையெழுத்தை வாங்கிவிட வேண்டும்.

கூட்டுச் செயல்பாடு ஆண்டுக்கு ஒன்றே போதும். ஒன்பதாம் வகுப்புக்குத் தண்ணீரைவிடப் பொருத்தமானது எங்களுக்குத் தெரியவில்லை: தமிழில் 'நீரின்றி அமையாது உலகு', அறிவியலில் 'பாய்மங்கள்', சமூக அறிவியலில் 'நீர்க்கோளம்', கணிதத்தில் 'புள்ளியியல்'. மீஞ்சூர்ப் பக்கம் கடல்நீர் நிலத்தடியில் ஏறியதும், காட்டுப்பள்ளியில் நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2010-இல் வந்ததும் பக்கத்து ஊர்ச் செய்திகள்.

ஒவ்வொருவரும் 200 மி.லி. தண்ணீர் கொண்டுவரட்டும். பாட்டிலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். அடியில் கூல்டிரிங்க் ஒட்டியிருந்தால் அளவு வீண். லேபிளில் தெரு, வகை (மெட்ரோ, லாரி, போர், கேன்), தேதி, நேரம் மட்டும் போதும். வீட்டு எண் வேண்டாம், வாடகை வீட்டுப் பிள்ளைக்கு ஓனரிடம் பேச்சு வாங்கித் தரும். டிடிஎஸ் பேனாவை (தண்ணீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி) கேன் தண்ணீரில் தொடங்கி, போர் தண்ணீரைக் கடைசியில் பார்க்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஆர்.ஓ. தண்ணீரில் கழுவ வேண்டும். விலை குறைந்த பேனாக்கள் பலவும் 9,990 பிபிஎம்மோடு (ஏறக்குறைய லிட்டருக்கு அத்தனை மி.கி.) நின்றுவிடும். கடல்நீர் 35,000-ஐ ஒட்டி இருக்கும். காசிமேட்டுக் கடல்நீரை அளக்க 10 மி.லி.யுடன் 90 மி.லி. ஆர்.ஓ. தண்ணீர் சேர்த்து, வந்ததைப் பத்தால் பெருக்குவார்கள். இங்கே பெருக்க மறப்பதுதான் வழக்கமான தவறு.

கணித ஆசிரியர் வரும் இடம் இது. ஐந்து வீட்டு அளவுகள் 120, 150, 180, 210, 3,900 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 912, இடைநிலை அளவு (வரிசையில் நடுவில் நிற்பது) 180. 912 உள்ள தண்ணீர் அந்த ஐந்து வீட்டில் எதிலும் இல்லை. இடைநிலை அளவு எதற்கு என்பது அந்த நிமிடமே விளங்கிவிடும். இதற்காகப் புள்ளியியலிலிருந்து இரண்டு வேளையை மட்டும் முன்னால் கொண்டுவந்தால் போதும்.

அறிவியல் ஆசிரியர் விடக்கூடாத ஒன்று உண்டு. குடிநீருக்கு இந்தியத் தரநிலை 500 பிபிஎம், வேறு நீர் இல்லாதபோது 2,000 வரை. பிள்ளைகள் 50 காட்டும் கேன் தண்ணீரே சுத்தம் என்று முடிவு கட்டுவார்கள். பேனா கரைந்த உப்பைத்தான் காட்டும், கிருமியைக் காட்டாது. சாக்கடை கலந்த மெட்ரோ தண்ணீரும் 300 காட்டக்கூடும்.

மதிப்பெண்ணைப் பொதுவில் விட்டால் யாரும் எழுத மாட்டார்கள். அட்டவணையைக் கணித ஆசிரியரும், குடிநீர் வாரியப் பகுதிப் பொறியாளருக்கு எழுதும் விண்ணப்பத்தைத் தமிழாசிரியரும் திருத்தி அவரவர் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். விண்ணப்பத்தில் சந்திப்பிழை இருந்தால் தமிழாசிரியர் விடமாட்டார். '3,900' என்று மட்டும் எழுதி அலகை விட்டிருப்பது அவர் கண்ணில் படாது. கையெழுத்துப் போடும் முன் கணித ஆசிரியரிடம் ஒருமுறை கொடுத்து வாங்கிவிடுவது நல்லது.

இப்படிக்கு,
பட்டதாரி ஆசிரியர்கள் நால்வர்,
தண்டையார்பேட்டை, சென்னை–81