இராயப்பனும் பெத்ரூஸும் ஒரே ஆள்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெட்ராஸ் தினத்தையொட்டித் தாங்கள் வெளியிட்ட சிறப்புப் பக்கங்களை ஒரு எழுத்து விடாமல் படித்தேன். முன்னோர்களைத் தேடிக் கோட்டைக்கும் கல்லறைத் தோட்டங்களுக்கும் வருகிற வெளிநாட்டுக்காரர்களைப் பற்றிய கட்டுரை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நடுவில் ஒரு வரி: "சுதேசிச் சிப்பாய்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் அவர்களுடைய வம்சாவளியைத் தேடுவது வீண் வேலை."

அந்த வீண் வேலையை ஆறு வருடமாகச் செய்தவள் நான். அதனால்தான் எழுதுகிறேன்.

என் ஆயாவின், அதாவது பாட்டியின், அப்பா இராயப்பன், மெட்ராஸ் சேப்பர்ஸ் என்ற பொறியாளர் பட்டாளத்துக்காரர். முதல் உலகப் போரில் மெசபடோமியாவுக்கு, இன்றைய ஈராக்குக்குப் போய், பாலம் போட்டு, ரோடு போட்டு, உயிரோடு திரும்பியவர். பஸ்ரா அங்கே ஒரு ஊர். எங்கள் வீட்டில் அவருக்குப் பெயரே பஸ்ரா தாத்தாதான். அவருடைய டிஸ்சார்ஜ் காகிதம் தகர டிரங்குப் பெட்டியில் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் வியாசர்பாடி வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றபோது அது கூழாகிவிட்டது. பதக்கங்கள் இரண்டு இருந்தனவாம். வெள்ளிப் பதக்கம் ஏதோ ஒரு பஞ்ச காலத்தில் அடகுக் கடைக்குப் போய்த் திரும்பவே இல்லை. வெண்கலத்துக்கு யாரும் காசு தரவில்லை, அதனால் அது தங்கியது.

அதில் ஒரு பக்கம் இறக்கை விரித்து நிற்கும் ஒரு பெண் உருவம். மறுபக்கம் 'நாகரிகத்துக்கான பெரும்போர் 1914-1919' என்று ஆங்கிலத்தில் நான்கு வரி. ஆயாவுக்கு ஆங்கிலம் தெரியாது. இறக்கை இருப்பதால் அது சம்மனசுதான், தேவதூதர்தான் என்று முடிவு செய்து, மாதா படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் குத்துவிளக்கோடு சேர்த்து அதையும் புளி போட்டுத் தேய்ப்பார். இந்தப் பதக்கத்தில் விளிம்பைச் சுற்றித்தான் சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். எழுபது கிறிஸ்துமஸ் புளிக்கு அது தாங்குமா? பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்ததில் எண்ணில் மூன்று இலக்கமும், பெயரில் முதல் பாதியும் மிஞ்சியிருந்தன. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் கிளம்பினேன்.

முதலில் போன அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். அதில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். எங்களில் அப்படி எழுதும் வழக்கம் இல்லை என்றேன். "அப்ப ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்று படிவத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அடுத்து ஞானஸ்நானப் பதிவேட்டைத் தேடிப் போன ஒரு கத்தோலிக்கக் கோயில் அலுவலகத்தில், "பாஸ்போர்ட்டுக்கா? சர்டிபிகேட் வேணும்னா தர்றோம், புஸ்தகத்தையெல்லாம் காட்ட முடியாது" என்றார்கள். தேதி தெரிந்தால்தான் சர்டிபிகேட், புத்தகத்தைப் பார்த்தால்தான் தேதி. இப்படியே இரண்டு வருடம் போயிற்று.

வேறொரு கோயிலில் பணி ஓய்வு பெற்ற ஒரு சாமியார்தான் (பாதிரியார்) மனமிரங்கி என் பக்கத்திலேயே உட்கார்ந்து, லத்தீனில் இருந்த பதிவேட்டை வாசித்துக் காட்டினார். அன்றைக்குத்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நான் இராயப்பனைத் தேடிக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் அந்தப் பெயரே வராது. இராயப்பர் என்றால் புனித பீட்டர், லத்தீனில் பெத்ரூஸ். சின்னப்பன் பவுலுஸ், அருளப்பன் யொவான்னெஸ், சூசை யோசேப்புஸ். இராயபுரத்தில் இராயப்பர் கோயிலைச் சுற்றி வளர்ந்தவர்களுக்கு இது தெரியாத விஷயமில்லை. தங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் தேடுகிற நேரத்தில் யாருக்கும் தோன்றுவதில்லை.

1914ஆம் வருடத்துப் பக்கத்தில் என் ஆயா இருந்தார். பிதா பெத்ரூஸ். பக்கத்தில் 'மீலெஸ்' என்று ஒரு சொல். சிப்பாய் என்று அர்த்தமாம். சாமியார் அந்தச் சொல்லின் மேல் விரலை வைத்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது.

இராயப்பனின் இரண்டாவது பிள்ளையைச் சென்னைப் பதிவேடுகளில் எங்கே தேடியும் காணவில்லை. அதற்கும் காரணம் நம் வீடுகளிலேயே இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதனால் ஆயாவுக்கு இங்கே ஞானஸ்நானம். அடுத்த பிள்ளை பட்டாளத்து லைனில், சிப்பாய்க் குடியிருப்பில் பிறந்திருக்கும். மெட்ராஸ் சேப்பர்ஸின் தலைமையிடம் அந்தக் காலத்திலிருந்தே பெங்களூரில்தானே? அங்கே அல்சூர் பக்கம் ஒரு கோயிலில் கிடைத்தது. அங்கிருந்த சாமியார் லத்தீன் பெயர் போடாமல் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் 'ராயாப்பென்' என்று எழுதியிருந்தார். பெத்ரூஸும் ராயாப்பெனும் ஒரே ஆள்தான் என்பதற்கு என்ன சாட்சி? இரண்டு பதிவிலும் தாய் மதலேனம்மாள். இரண்டிலும் ஞானத்தாய், அதாவது ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர், ஆயாவின் சித்தி. குடும்பப் பெயர் செய்யாத வேலையை ஒரு சித்தி செய்திருக்கிறார். தங்கள் கட்டுரையாளர் அப்பன் பெயரோடு நிறுத்திக்கொண்டார். பொம்பளைகள் பெயரைப் பிடித்துக்கொண்டு போயிருந்தால் அவருக்கும் வழி தெரிந்திருக்கும்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் 1753இல் கோட்டைக்குள் புனித மரியாள் கோயிலில் நடந்த ராபர்ட் கிளைவின் கல்யாணத்தைப் போடுகிறீர்கள். நாற்பது வருடமாக அதைப் படித்துவருகிறேன். வெள்ளைக்காரர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார்கள். அவை இன்றைக்கும் பிரிட்டிஷ் நூலகத்தில் பத்திரமாக இருக்கின்றன. எங்கள் பதிவேடுகள் இங்கேயே மரப் பீரோவில் பூச்சி அரித்துக் கிடக்கின்றன. வடசென்னை என்றால் தங்கள் இதழுக்கு பாக்ஸிங், கானா, மீன் மார்க்கெட். அதெல்லாம் எங்களுக்குப் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் இங்கேயும் வீட்டுக்கு வீடு பரணில் பழைய காகிதம் இருக்கிறது ஐயா.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் சண்டைக்கு லாயக்கில்லை என்று சொன்னவர். அந்த எண்ணம் பரவி மெட்ராஸ் காலாட்படைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைத்தார்கள். இரண்டாம் உலகப் போர் வந்து ஆள் தேவைப்பட்டபோதுதான் மெட்ராஸ் ரெஜிமென்ட்டைத் திரும்ப எழுப்பினார்கள். லாயக்கில்லை என்று அன்றைக்கு அவர் சொன்னதும், தேடுவது வீண் என்று இன்றைக்கு நீங்கள் அச்சடித்ததும் என் காதில் ஒரே மாதிரிதான் விழுகிறது.

ஆயாவின் ஞானத்தகப்பன் சவரிமுத்து என்பவர். பதிவேட்டில் அவர் பெயருக்குப் பின்னாலும் 'மீலெஸ்' உண்டு. தாத்தாவோடு போனவர், திரும்பவில்லை. "அவர் பஸ்ராவுலயே நின்னுட்டார்" என்றுதான் ஆயா சொல்வார். பஸ்ரா நினைவுச் சின்னத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களின் பெயர் இருக்கிறது. இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர். சாதாரணச் சிப்பாய்களைப் படைப்பிரிவு வாரியாக இத்தனை பேர் என்று எண்ணிக்கையாகப் போட்டுவிட்டார்கள். இந்தப் பாகுபாட்டுக்காக, இப்படிப்பட்ட சின்னங்களைப் பராமரிக்கும் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையம் 2021இல் மன்னிப்புக் கேட்டது. அந்தச் செய்தி தங்கள் இதழில் வந்ததாக எனக்கு நினைவில்லை. அதே வருடம், லாகூர் அருங்காட்சியகத்தில் கிடந்த பழைய பதிவேடுகளிலிருந்து சுமார் 3,20,000 பஞ்சாப் சிப்பாய்களின் விவரத்தை ஊர்வாரியாகக் கணினியில் ஏற்றி வெளியிடத் தொடங்கினார்கள். அவர்களால் முடிகிறது. இங்கே மட்டும் வீண் வேலையா?

சரி, பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வரிக்கு அடுத்த இதழில் திருத்தம் போடுங்கள். இடம் இருந்தால் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பெட்டிச் செய்தி: வீட்டில் பழைய பட்டாளத்துப் பதக்கம் இருப்பவர்கள் அதைப் புளி, சாம்பல், பாலிஷ் எதுவும் போட்டுத் தேய்க்க வேண்டாம், விளிம்பில் இருப்பதை முதலில் ஒரு தாளில் எழுதிவைக்கவும். அப்புறம், ஞானஸ்நானப் பதிவேட்டில் எந்தத் தமிழ்ப் பெயர் லத்தீனில் எப்படி வரும் என்று பத்துப் பெயர் போதும், நானே எழுதித் தருகிறேன்.

தங்கள் கட்டுரையாளர் வீட்டுக்கு வந்தால் இரண்டு பதிவுகளின் நகலையும் பதக்கத்தையும் காட்டத் தயார். மாலை நான்கு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை,
வியாசர்பாடி, சென்னை - 39.