கல்லூரி பற்றி நீ கேட்டதற்கு

கோபிசெட்டிபாளையம்

அன்பு நண்பா,

இரண்டாம் போக அறுப்பு முடிந்த மறுநாள் உன் கடிதம் கிடைத்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்த உன் மகன் திருப்பூர்ப் பனியன் கம்பெனிக்குப் போகவே விரும்புகிறான் என்றும், மூன்று ஆண்டுகள் கல்லூரிக்குப் போய் என்ன பெறப் போகிறான் என்றும் எழுதியிருந்தாய்.

வருமானத்தை மட்டும் கணக்கிட்டால் அவன் சொல்வதை என்னால் மறுக்க முடியாது. தேர்ந்த ஒரு கட்டிங் மாஸ்டர், புதிதாகப் பட்டம் பெற்ற பலரைவிட அதிகமாகச் சம்பாதிக்கிறார். கோவையின் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு என்ன, கல்லூரிக்கா போனார் என்றும் கேட்டிருக்கிறாய். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காத அந்த மனிதர்தான் 1945இல் கோவையில் அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி தோன்றுவதற்கு முன்னின்றார் என்பதையும் அவனிடம் சொல்.

என் வாழ்க்கையில் நடந்ததைச் சொல்கிறேன். 1992இல் கோவையில் பொருளாதாரம் படிக்கச் சேர்ந்தபோது, எங்கள் தோட்டத்துக்கு அப்பால் உலகம் உண்டு என்பதையே நான் நினைத்ததில்லை. பவானி ஆற்றின் கொடிவேரி அணைக்கட்டிலிருந்து பிரியும் தடப்பள்ளி வாய்க்காலில் தண்ணீர் வரும், இரண்டு போகம் நெல் விளையும்; அது சூரியன் உதிப்பதைப் போல இயல்பானது என்றே எண்ணியிருந்தேன். விடுதியில் என் அறைத் தோழனாக வந்தவன் கீழ்பவானி வாய்க்காலின் கடைமடைப் பக்கத்தைச் சேர்ந்தவன். கீழ்பவானியில் 2,07,000 ஏக்கரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு ஒரு போகமும் மறுபாதிக்கு அடுத்த போகமுமாக முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள் என்பதும், தன் முறை வந்த பிறகும் கடைமடைக்காரன் வாய்க்காலைப் பார்த்தபடியே காத்திருக்க வேண்டியிருக்கும் என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. ஒரே பவானி ஆறு; இரண்டு வாய்க்காலுக்கும் தண்ணீர் விடுவது ஒரே பவானிசாகர் அணை. ஆனால் எனக்கு உரிமையாகத் தோன்றிய தண்ணீர் அவனுக்கு ஆண்டுதோறும் கவலையாக இருந்தது. முதல் ஆண்டு முழுவதும் அவனோடு சண்டையிட்டேன். இரண்டாம் ஆண்டில் அவன் சொல்வதில் நியாயம் இருப்பதை ஒப்புக்கொண்டேன். என் அப்பாவிடமும் அதைச் சொல்லும் துணிவு மூன்றாம் ஆண்டில்தான் வந்தது.

நண்பா, நான் கல்லூரியில் பெற்றது இதுதான். பாடங்களில் பாதியை மறந்துவிட்டேன். ஆனால் உறவுமுறையும் ஊர்ப் பழக்கமும் இல்லாத ஒருவனோடு ஒரே அறையில் வாழ்ந்து, அவன் கண்ணால் என் வயலைப் பார்க்கப் பழகியதை மறக்கவில்லை. பதினேழு வயதில் வேலைக்குப் போகிறவனுக்கு மேஸ்திரி சொன்னதை மறுத்துப் பேச நேரமும் இல்லை, இடமும் இல்லை. தவறாகப் பேசவும் திருத்திக்கொள்ளவும் அந்த வயதில் ஓர் இடம் வேண்டும்.

செலவைப் பற்றி ஒரு செய்தி. உன் மகன் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால், தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும். 2024 ஆகஸ்டில் கோவை அரசு கலைக் கல்லூரியில்தான் அத்திட்டம் தொடங்கப்பட்டது. பேருந்துக்கும் புத்தகத்துக்கும் அது உதவும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அவனையும் அழைத்துக்கொண்டு இங்கே வா. என் அறைத் தோழனும் கரூரிலிருந்து வருகிறான். கொடிவேரி அணைமேட்டில் உட்கார்ந்து பேசுவோம். கேட்க வேண்டியதை அவனிடமே உன் மகன் கேட்கட்டும்.

அன்புடன்,
உன் பள்ளித் தோழன்