நாற்காலி தயார், அம்மா

லெஸ்டர், இங்கிலாந்து,
நவம்பர் 8

அன்புள்ள அம்மாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீயும் அப்பாவும் ஆச்சியும் நலம்தானே? அம்பாசமுத்திரத்தில் மழை விடாமல் பெய்கிறது என்று அப்பா சொன்னார். இங்கே மழையைவிட இருட்டுதான் படுத்துகிறது. போன மாதக் கடைசியில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிட்டார்கள். சாயங்காலம் நாலரைக்கே விளக்குப் போட்டாக வேண்டும்.

"பிள்ளைக்குப் பால் கொடுக்க எதுக்குடி தனியா ஒரு நாற்காலி?" என்று போனில் கேட்டாய். லைன் விட்டு விட்டு வந்ததால் சரியாகச் சொல்ல முடியவில்லை. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நம் வீட்டில் ஆச்சி சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்தால் போதும், பிள்ளை அடங்கிவிடும். இங்கே தரையிலிருந்து குளிர் ஏறுகிறது. ஒருவேளை பிரசவம் ஆபரேஷன் என்று ஆகிவிட்டால் தரையிலிருந்து எழுந்திருக்கவும் முடியாது. சோபாவில் உட்கார்ந்தால் இடுப்பு உள்ளே புதைகிறது. இந்த நாற்காலியில் முதுகு நிமிர்ந்து நிற்கும், முழங்கையைத் தாங்க இரண்டு பக்கமும் மெத்தை இருக்கிறது, காலை வைக்கத் தனியாக ஒரு முக்காலி. இரண்டுமே நம் கூடத்து ஊஞ்சலைப் போல முன்னும் பின்னும் ஆடும்.

எதிர் வீட்டு குஜராத்திப் பாட்டி கொடுத்தது இது. 1972-ல் இடி அமீன் உகாண்டாவிலிருந்து ஆசியர்களை விரட்டியபோது கைக்குழந்தையோடு இந்த ஊருக்கு வந்தவர். அவருடைய மருமகள் இரண்டு பிள்ளைகளுக்கும் இதில் உட்கார்ந்துதான் பால் கொடுத்தாளாம். அப்புறம் பல வருஷம் கராஜில் கிடந்திருக்கிறது. தரும்போதே, "அடியில் தைத்திருக்கும் லேபிளைக் கிழித்துவிடாதே" என்றார். மெத்தை வைத்த சாமான்கள் சட்டென்று தீப்பிடிக்காத தரத்தில் இருக்க வேண்டும் என்று இங்கே 1988-லிருந்து சட்டம் இருக்கிறது. அதற்கு அத்தாட்சியான அந்த லேபிள் இல்லாவிட்டால் பழைய சாமான் கடைகளில்கூட வாங்க மாட்டார்கள்.

சுத்தம் செய்ததைச் சொன்னால் உனக்குப் பிடிக்கும். முதலில் வாக்குவம் போட்டு மூலை முடுக்கெல்லாம் தூசியை எடுத்தோம். மெத்தை இடுக்கில் பிஸ்கட் தூளும் ஒரு குட்டி சாக்ஸும் கிடந்தன. உறைகளில் பழைய பால் கறை இருந்தது. பால் கறையில் வெந்நீர் பட்டால் அப்படியே பிடித்துக்கொள்ளும் என்று நீ சொல்வாயே, அதனால் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, அப்புறம்தான் உறையில் போட்டிருந்த சூட்டளவில் மெஷினில் போட்டேன். உள்ளே இருக்கும் ஃபோமை மட்டும் நனைக்கவே இல்லை. நம் மொட்டை மாடியில் அரை நாள் காய்ந்தால் முறுமுறுவென்று ஆகிவிடும். இங்கே இந்த மாதத்தில் வெளியே எதுவும் காயாது, ஈரம் உள்ளே தங்கிப் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் ஆப்ப சோடாவைத் தூவி ராத்திரி முழுக்க விட்டு, காலையில் வாக்குவம் வைத்து உறிஞ்சினோம். கராஜ் வாடை நன்றாகவே போய்விட்டது.

மரச்சட்டத்தைச் சோப்புத் தண்ணீரில் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றினேன். ஆடும்போது கிறீச் கிறீச் என்று சத்தம். சமையல் எண்ணெய் விட்டால் கொஞ்ச நாளில் பிசுக்கேறித் தூசி சேரும் என்று உன் மாப்பிள்ளை சிலிகான் ஸ்பிரே வாங்கி வந்து அடித்தார். திருகுகளையும் முடுக்கினார். ஆடும் பாகத்துக்கு நடுவே விரல் நுழைகிற இடைவெளி இருக்கிறது. பிள்ளை தவழத் தொடங்கியதும் இதை வேறு அறைக்கு மாற்றிவிட வேண்டும், இப்போதே சொல்லிவைத்துவிட்டேன்.

தினமும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பழகுகிறேன். பிள்ளையிடம் குனியாதே, பிள்ளையை உன்னிடம் கொண்டு வா என்கிறார் பிரசவம் பார்க்கும் மிட்வைஃப். பிள்ளையின் வயிறு என் வயிற்றோடு ஒட்டியிருக்க வேண்டும், மூக்கு காம்புக்கு நேராக இருக்க வேண்டும். முக்காலியில் கால் வைத்தால் மடி உயர்ந்து அது தானாக வாகாக அமைகிறது.

ஒன்றே ஒன்றுதான் எனக்குப் பயம். இந்த நாற்காலி அவ்வளவு சுகம், கண் சொக்குகிறது. சோபாவிலோ நாற்காலியிலோ பிள்ளையை வைத்துக்கொண்டு அயர்ந்துவிட்டால், காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே பிள்ளை இறந்துபோகும் ஆபத்து 50 மடங்கு வரை கூடும் என்று இங்கே திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். 1991-ல் பிள்ளையை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று பெரிய பிரசாரம் நடத்தினார்கள். அதற்குப் பிறகு அப்படிப்பட்ட சாவுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதனால் எனக்குக் கண் கட்டினால் உடனே உன் மாப்பிள்ளையை எழுப்புவது, அவர் பிள்ளையை வாங்கித் தொட்டிலில் மல்லாக்கப் போடுவது என்று பேசிவைத்திருக்கிறோம். ஆனால் அவருக்கு லீவு இரண்டு வாரம்தான். அப்புறம் காலையில் வேலைக்குப் போக வேண்டும், தினமும் எழுப்ப மனசு வராது.

அதற்குத்தான் உன் உதவி வேண்டும். விசா வந்து, தை பிறந்து, நீ வருவதற்குள் பல வாரம் ஓடிவிடும். இங்கே ராத்திரி இரண்டு மணி என்றால் உனக்குக் காலை ஏழரை. அப்பா பேப்பரோடு உட்கார்ந்திருப்பார், நீயும் காப்பி குடித்து முடித்திருப்பாய். பால் கொடுக்க உட்கார்ந்ததும் உனக்குப் போன் போடுகிறேன். நேரம் கெட்ட நேரத்தில் கூப்பிடுகிறாளே, என்னவோ ஏதோ என்று பதறாதே. தெருக் கதையோ, ஆச்சி என்ன சொன்னாள் என்றோ, எதையாவது பேசிக்கொண்டே இரு. நான் 'ம்' கொட்டவில்லை என்றால் சத்தமாகக் கூப்பிடு.

வரும்போது பழைய நூல் சேலைகள் நாலைந்து கொண்டு வா, துடைக்கவும் விரிக்கவும் ஆகும். ஆச்சி தைத்துவைத்திருக்கும் கடுகுத் தலையணை மட்டும் வேண்டாம் அம்மா. தொட்டிலில் தலையணை எதுவும் கூடாது என்று இங்கே கண்டிப்பாகச் சொல்கிறார்கள், எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது. ஆச்சி மனசு நோகாமல் நீயே சொல்லிவிடு. அப்பாவின் முழங்கால் வலிக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
உன் மகள்