கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு

ஏற்காடு,
கார்த்திகை 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். நீ, மாப்பிள்ளை, சின்னவன் மூவரும் நலமாக இருக்க வேண்டும். பையில் அரைக் கிலோ காப்பித்தூளும் கொஞ்சம் மிளகும் முறுக்கும் இருக்கின்றன. இது தீபாவளிக்குச் சுட்ட முறுக்கு இல்லை. அதை அம்மா உனக்கென்று டப்பாவில் எடுத்து வைத்திருந்து, பத்து நாளில் நமத்துப்போய்விட்டது. இது நேற்றுச் சுட்டது. கைக்கு வந்ததும் டப்பாவில் போட்டு இறுக்கி மூடிவிடு.

இதையெல்லாம் போனில் சொல்லலாம்தான். நீ எடுத்ததும் “கிளாஸ் இருக்குப்பா, சாயந்தரம் கூப்பிடறேன்” என்கிறாய். சாயந்தரம் போன் வருவதில்லை. அத்தனை பிள்ளைகளுக்குக் கெமிஸ்ட்ரி சொல்லித் தருகிறவளுக்கு நேரம் எங்கே இருக்கும், எனக்குத் தெரியாதா? உன் பிள்ளைகள் எல்லாரும் பாஸ் என்று நீ அனுப்பிய செய்தியை ஒண்டிக்கடையில் டீக்கடைக்காரர் வரைக்கும் காட்டியிருக்கிறேன். ஆனாலும் அம்மா அஞ்சு மணியிலிருந்து போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

தீபாவளியன்று பேசும்போது, வைக்கப் போகிற நேரத்தில், “எங்க பெட்ரூம் சுவரும் கறுத்துக்கிட்டு வருதுப்பா” என்று சொன்னாய். எந்தப் பக்கத்துச் சுவர் என்று நான் கேட்பதற்குள், “அது ஒண்ணுமில்ல, வீட்டுக்காரர் பெயின்ட் அடிச்சுத் தர்றேன்னுட்டார்” என்று வைத்துவிட்டாய். சுவரும் என்று சொன்னாயே, அந்த ‘உம்’ இத்தனை நாளாக என் காதை விட்டுப் போகவில்லை.

பெயின்ட் அடிக்க விடாதே. பூசணம் தானாக வராது, தண்ணீர் இருந்தால்தான் வரும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மேலே பெயின்ட் அடித்தால் ஆறு மாதம் அழகாக இருக்கும், அடுத்த மழைக்கு அப்பளம் மாதிரி உப்பி உரியும். சேலம் வெயிலில் வறுபடுகிற ஊர். அந்த ஊரில் ஒரு சுவர் காயாமல் கறுக்கிறது என்றால் எங்கோ விடாமல் ஈரம் ஏறுகிறது.

முதலில் அது என்ன என்று பார். வெள்ளையாக, மாவு தூவியது மாதிரி பூத்திருந்தால் அது உப்பாக இருக்கலாம். ஈரத்துணியால் தொட்டால் உப்பு கரைந்துவிடும். கறுப்பாகவோ பச்சையாகவோ புள்ளி புள்ளியாக இருந்து, தேய்த்தால் இழுவிக்கொண்டு வந்து, பழைய சாக்கு வாடை அடித்தால் பூசணம்தான். அப்புறம் ஒரு பாலிதீன் தாளைச் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வெட்டி, சுவரைத் துடைத்துவிட்டு, நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி வை. இரண்டு நாள் கழித்துப் பார். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் வியர்த்திருந்தால் தண்ணீர் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் மேல்பக்கம் வியர்த்திருந்தால் உங்கள் அறைக் காற்றில் இருக்கிற ஈரம்தான் அங்கே படிகிறது. நான் இங்கே பின்னறையில் ஒட்டிப் பார்த்தேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

சுவருக்குள்ளிருந்து வருகிறது என்றால் அது வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை. மாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா, மழைத்தண்ணீர்க் குழாய் அடைத்திருக்கிறதா, சுவருக்கு அந்தப் பக்கம் பாத்ரூம் இருந்தால் டைல்ஸ் இடுக்கில் சிமெண்ட் போயிருக்கிறதா என்று கேள். மரியாதையாகக் கேள், ஆனால் விடாமல் கேள். உனக்கு வெளியாரிடம் கேட்கக் கூச்சம், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மாப்பிள்ளையைக் கேட்கச் சொல்.

காற்றிலிருந்து வருகிறது என்றால் அது நீங்கள் செய்கிற காரியத்தால்தான். மழைக்காலத்தில் துணியை அறைக்குள்ளே கொடி கட்டிக் காயப்போடுகிறாய், நான் பார்த்திருக்கிறேன். அந்தத் துணியில் இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? அடுப்பும் அப்படித்தான். காஸ் எரிந்தால் தண்ணீர் உண்டாகும் என்று பிளஸ் டூ படிக்கும்போது நீதான் சொன்னாய், நெருப்பிலிருந்து எப்படித் தண்ணீர் வரும் என்று நான் நம்பவில்லை. நீ நோட்டில் கணக்குப் போட்டுக் காட்டினாய். ஒரு கிலோ காஸ் எரிந்தால் ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளியே வரும், 14.2 கிலோ சிலிண்டர் ஒன்று தீரும்போது இருபது லிட்டருக்கு மேல் ஆகிவிடும் என்று. அன்றைக்கு எனக்கு எவ்வளவு பெருமை, உன்னிடம் சொன்னதில்லை. அதனால் சமைக்கும்போது ஜன்னலைத் திறந்து வை, எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடு. குளித்த பிறகு பாத்ரூம் கதவைச் சாத்தி, அதன் ஜன்னலைத் திறந்து விடு. காற்றில் ஈரம் எவ்வளவு என்று காட்டுகிற சின்ன மீட்டர் கடையில் கிடைக்கிறது. 60க்குக் கீழே இருந்தால் நல்லது. 70ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூசணம் வர வாய்ப்பு அதிகம்.

கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடு. பீரோவையும்தான். ஒரு முழமாவது இடம் விடு, பின்னால் காற்று ஓட வேண்டும்.

துடைக்கும்போது சின்னவன் வீட்டில் இருக்கக் கூடாது. அவன் பள்ளிக்கூடம் போன பிறகு செய். கொரோனா காலத்தில் வாங்கிய என்95 மாஸ்க் இருந்தால் போட்டுக்கொள், கையுறையும் போட்டுக்கொள். காய்ந்த பூசணத்தைச் சுரண்டாதே, பொடி பறந்து வீடு முழுக்கப் பரவும், நெஞ்சுக்குள்ளும் போகும். சோப்புத்தூள் கரைத்த தண்ணீரால் நனைத்துத் தேய், நல்ல தண்ணீரில் துடை, அப்புறம் ஜன்னலைத் திறந்து வைத்து ஃபேன் போட்டு நன்றாகக் காயவிடு. பிளீச்சிங் பவுடர் போடுவதாக இருந்தால் அதை மட்டும் போடு. பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை அதோடு சேர்த்தால் குளோரின் கிளம்பும். நீ பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிற பாடம்தான் இது, ஆனால் வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்குத் தெரியாது. அவரிடம் சொல்லி வை. பிளீச்சிங் சுவரின் மேல்பக்கத்தை வெளுத்துக் காட்டுமே தவிர, பூச்சுக்குள் இறங்கியிருப்பதைத் தொடாது. பஞ்சு மெத்தையில், தலையணையில் பூசணம் ஏறியிருந்தால் வெயிலில் போட்டுப் பார்க்கலாம் என்று நினைக்காதே. தூக்கி எறிந்துவிடு, வேறு வாங்கப் பணம் நான் அனுப்புகிறேன்.

தீபாவளிக்கு நீங்கள் வரவில்லை. வேலை என்றாய், சரி. ஆயுத பூஜைக்கும் வேலை என்றாய். சின்னவனுக்கு வாங்கிய சட்டை அப்படியே பெட்டியில் இருக்கிறது. அடுத்த வருஷம் அவனுக்கு அது பிடிக்காது.

நம் வீட்டுப் பின்னறைச் சுவரைப் பற்றிச் சொல்கிறேன். நீங்கள் ஆடியில் வந்து போனதிலிருந்து நான் அதன் பின்னால்தான் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால் மேட்டு மண் சரிந்து, சுவரின் பாதி உயரத்துக்கு ஒட்டிக்கொண்டு நின்றது உனக்கு நினைவிருக்கும். தாத்தா காலத்தில் அங்கே ஒரு வாய்க்கால் இருந்தது. சில்வர் ஓக் சருகு விழுந்து விழுந்து அது தூர்ந்துபோய், நான் கவனிக்கவே இல்லை. மலையிலிருந்து இறங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தச் சுவரில்தான் சாய்ந்து நின்றிருக்கிறது. புரட்டாசியில் இரண்டு ஆள் வைத்து மண்ணை வெட்டி எடுத்து, அறைத் தரைக்குக் கீழே ஓர் அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்தோம். ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீருக்குத் தகரம் அடித்து, வீட்டைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டிருக்கிறது.

அந்தச் சுவரைத் தாத்தா கல்லும் மண்ணும் வைத்துக் கட்டி, மேலே சுண்ணாம்பு பூசியிருந்தார். உள்ளே போகிற ஈரம் வெளியே வந்து காய்ந்துவிடும். 1994இல் நான்தான் புது வீடு மாதிரி பளிச்சென்று இருக்கட்டும் என்று சிமெண்ட் பூசி, பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தேன். ஈரம் வெளியே வர வழியில்லாமல் போயிற்று. மேஸ்திரி சொல்கிறார், பொங்கல் கழிந்து வெயில் நின்ற பிறகு சிமெண்டைக் கொத்தி எடுத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் சுவரை வெறுமனே காயவிட்டு, அப்புறம் சுண்ணாம்பு பூசலாம் என்று. சுண்ணாம்பின் காரத்துக்குப் பூசணம் லேசில் வராது. தாத்தா வருஷா வருஷம் பொங்கலுக்கு வெள்ளையடித்தது அழகுக்கு என்று நினைத்திருந்தேன்.

வேலைக்காக உன் பழைய கட்டிலை நகர்த்தினோம். தலைப்பலகையின் பின்பக்கம் முழுக்கப் பச்சையும் சாம்பலுமாக, வெல்வெட் துணி ஒட்டியது மாதிரி இருந்தது. விரலை வைத்தேன், மாவாக ஒட்டிக்கொண்டது. சுவரில் நீ ஒட்டி வைத்திருந்த டைம்டேபிள் இன்னும் இருந்தது. அதை எடுத்தால், அந்தத் தாளின் அளவுக்குச் சதுரமாக, சுவர் கன்னங்கரேலென்று இருந்தது. உன் தலையணைக்கு ஒரு சாண் மேலே. நான் கொஞ்ச நேரம் அந்தக் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டேன். மேஸ்திரி என்னங்க ஆச்சு என்று கேட்டார்.

ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கும் இது தெரியாது.

1998இல், உனக்கு எட்டு வயதில், இளைப்பு அதிகமாகி உன்னைச் சேலத்துக்குக் கூட்டிப் போனோம். 20 கொண்டை ஊசி வளைவும் நீ என் மடியில் படுத்தே வந்தாய், மூச்சு விசில் அடிக்கிற மாதிரி கேட்டது. அம்மா மருந்து வாங்க வரிசையில் நின்றிருந்தாள். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “இந்தப் பிள்ளை படுக்கிற ரூம் எப்படி, சுவர் பூத்திருக்குமா?” என்று கேட்டார். நான், “இல்லைங்க டாக்டர், நல்லா வெயில் வர்ற ரூமுங்க” என்று சொன்னேன். ஈர வீட்டில் பிள்ளையை வைத்திருக்கிறான் என்று அவர் நினைத்துவிடக் கூடாது என்று சொன்னேன்.

நான் சொன்ன வெயில் வருகிற ரூம் முன்னறை. அதில் நீ படுக்கவில்லை. காப்பி மூட்டை இருந்தது.

காப்பி காய்ந்து, ஈரம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு வந்த பிறகுதான் மூட்டை கட்டுவோம். அதற்குப் பிறகு அது திரும்ப ஈரம் இழுத்தால் பூசணம் பிடிக்கும், அந்தப் பூசணத்தில் விஷமும் உண்டு. சாக்கைத் தரையில் வைக்காதீர்கள், சுவரை ஒட்டி அடுக்காதீர்கள் என்று காப்பி வாரியத்து ஆட்கள் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்கள். நான் மரச்சட்டம் அடித்து, சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்கி வைத்திருந்தேன். இராத்திரி மழை பிடித்தால் எழுந்து டார்ச் எடுத்துக்கொண்டு போய், சாக்குக்குள் கையை விட்டுப் பார்ப்பேன். போகிற வழியில் நீ இருமுவது கேட்கும். கம்பளியை இழுத்துப் போர்த்திவிட்டுப் போவேன். காலையில் எழ முடியவில்லை என்று நீ சொன்னால், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட நடிக்கிறாள் என்று உன் முன்னாலேயே அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். மூட்டையைத் தள்ளி வைக்கத் தெரிந்தவனுக்கு உன் கட்டிலைத் தள்ளி வைக்கத் தோன்றவில்லை, பாப்பா. அந்த வருஷம் காப்பிக்கு நல்ல விலை. அந்தப் பணத்தில்தான் உனக்குத் தோடு வாங்கினேன்.

ஆடியில் சின்னவன் அதே அறையில் படுத்து இருமினபோது நான் என்ன சொன்னேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. “மலைக்குளிர் பழகிடும், உங்கம்மாவும் இப்படித்தான் இருந்தா” என்றேன். நீ ஒன்றும் பேசவில்லை. அவனைத் தூக்கிக்கொண்டு போய் விடிய விடியச் சமையலறையில் உட்கார்ந்திருந்தாய். நான் தூங்கவில்லை, எழுந்தும் வரவில்லை. காலையில் முதல் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டீர்கள்.

முன்னறை இப்போது காலியாக இருக்கிறது. இந்த வருஷம் காப்பியைப் பழமாகவே கொடுத்துவிடப் போகிறேன். பணம் கொஞ்சம் குறையும், பரவாயில்லை, களமும் வேண்டாம், மூட்டையும் வேண்டாம். அங்கேயும் பாலிதீன் தாள் ஒட்டிப் பார்த்தேன், இரண்டு பக்கமும் காய்ந்து இருந்தது. புது மெத்தை வாங்கியாயிற்று. கட்டிலை அறையின் நட்டநடுவில் போட்டிருக்கிறேன், நாலு பக்கமும் ஆள் நடக்கலாம். இது என்ன கல்யாண மேடையா என்று அம்மா கேட்கிறாள். பனி இறங்குவதற்குள், நாலு மணிக்கே ஜன்னலைச் சாத்திவிடுகிறோம், காலையில் வெயில் வந்த பிறகுதான் திறக்கிறோம்.

அரையாண்டு லீவுக்கு வரச் சொல்லி நான் கேட்கவில்லை. வருவதும் வராததும் உன் இஷ்டம். உங்கள் வீட்டில் கட்டிலை இன்றைக்கே தள்ளிப் போடு, சின்னவன் சுவர்ப்பக்கம் படுக்க வேண்டாம். அவனுக்கு இராத்திரியில் இன்னும் இருமல் இருக்கிறதா? மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா? டாக்டரிடம் காட்டினாயா, அவர் என்ன கேட்டார், நீ என்ன சொன்னாய்? போனில் முடியாவிட்டால் ஒரு தாளில் எழுதி, இந்தப் பையைக் கொண்டுவருகிற கண்டக்டரிடமே கொடுத்துவிடு. அவர் சாயந்தர வண்டியில் திரும்புவார், நான் போய் வாங்கிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அப்பா