பொறிவண்டின் புழுப் படத்தையும் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நன்மை செய்யும் பூச்சிகளைப் பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் சிவப்பு முதுகில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டின் படத்தைத்தான் போடுகிறீர்கள். பார்க்க அழகு, சரி. ஆனால் பயிரைக் கெடுக்கும் பூச்சி என்று நினைத்து நாம் நசுக்குவதும் மருந்தடித்துக் கொல்வதும் பெரும்பாலும் அதன் புழுவைத்தான், அதன் படம் மட்டும் வருவதே இல்லை.

கிரிப்டோலீமஸ் என்கிற பொறிவண்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பூர்வீகம் ஆஸ்திரேலியா. 1891-ல், செடியின் சாற்றை உறிஞ்சும் வெள்ளை மாவுப்பூச்சியை ஒழிக்க கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்கள், அப்புறம் பல நாடுகளுக்கும் போய்விட்டது. வளர்ந்த வண்டுக்குக் கறுப்பு உடம்பு, செம்பழுப்புத் தலை, புள்ளியே கிடையாது. புழுவோ உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழை தொங்க, தான் தின்னும் மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். தேன் போன்ற கழிவுக்காக மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கும் எறும்புகளிடமிருந்தே இந்த வேஷம் அதை ஓரளவு காப்பாற்றுகிறது என்றால், மருந்துத் தெளிப்பானோடு அவசரமாக வருகிற மனிதர் ஏமாறுவதில் ஆச்சரியமில்லை.

அடையாளம் காண்பது கஷ்டமில்லை. ஒரு குச்சியால் மெல்லத் தொட்டுப் பாருங்கள். மாவுப்பூச்சி நகர்வதே தெரியாது, புழு விறுவிறுவென்று ஓடும். முழுதாக வளர்ந்த புழு ஒரு செ.மீ.க்கும் மேல் இருக்கும், அதாவது பெரிய மாவுப்பூச்சியைப் போல இரண்டு மடங்குக்கும் மேல், இழைகளும் நீளமாகத் தாறுமாறாகக் கிடக்கும். மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப் பைக்குள் தலையை விட்டு அது தின்பதைக் கொஞ்சம் பொறுமையாக நின்றால் பார்க்கலாம். தாய் வண்டு முட்டை வைப்பதும் பெரும்பாலும் அந்தப் பஞ்சுக்குள்தான், அதனால் மாவுப்பூச்சி அங்கொன்றும் இங்கொன்றுமாக இருக்கிற செடியில் இந்த வண்டு நிலைக்காது, அப்பிக்கிடக்கிற இடத்தில்தான் அதன் வேலை தெரியும்.

எல்லாப் பொறிவண்டும் நல்லது என்று சொல்ல வரவில்லை. கத்தரி இலையைச் சுரண்டித் தின்று நரம்பை மட்டும் மிச்சம் வைக்கிற எபிலாக்னா வண்டும் இதே குடும்பம்தான்!

இன்னொன்று, எறும்பைக் கவனிக்காமல் வண்டை மட்டும் வாங்கிச் செடியில் விட்டால் காசுதான் வீண். மரமாக இருந்தால் தரையைத் தொடும் கிளைகளைக் கவாத்து செய்துவிட்டு, தண்டில் பசை தடவிய பட்டை கட்டி எறும்பு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மருந்தடித்த கையோடு வண்டை விடுவதும் வேண்டாம், இலையில் தங்கியிருக்கிற நஞ்சு முதலில் அதைத்தான் கொல்லும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்