தேர்ட் பேஸ்மேனை எந்தக் கோலால் அளப்பது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்க பேஸ்பால் பற்றித் தங்கள் விளையாட்டுப் பக்கத்தில் வந்த கட்டுரை, இன்று ஆடும் தேர்ட் பேஸ்மேன்களில் (சதுர ஆடுகளத்தின் மூன்றாம் முனையான தேர்ட் பேஸைக் காப்பவர்கள்) ஒருவர்கூட 3,000 ஹிட்டையோ (அடித்துப் பேஸை எட்டியவை) 500 ஹோம்ரனையோ (மைதான வேலிக்கு வெளியே அடித்தவை) தொடவில்லை, ஆகவே சிறந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஹால் ஆஃப் ஃபேமில் இடம்பெற யாருக்கும் தகுதியில்லை என்று முடிகிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பள்ளி பேஸ்பால் அணிகளுக்குப் பயிற்சி தரும் எங்களுக்கு அந்த முடிவில் உடன்பாடில்லை.

அதே கோலை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் மேல் வைத்துப் பாருங்கள். 500 ஹோம்ரன் அடித்து உள்ளே போன தேர்ட் பேஸ்மேன்கள் மைக் ஷ்மிட் (548), எடி மேத்யூஸ் (512) இருவர்தான். 3,000 ஹிட் என்றால் ஜார்ஜ் பிரெட், வேட் பாக்ஸ், ஏட்ரியன் பெல்ட்ரே. பால் மோலிட்டரையும் இந்த வரிசையில் சேர்ப்பதுண்டு. ஆனால் அவர் தேர்ட் பேஸில் ஆடியதைவிட, களத்தடுப்புக்கு இறங்காமல் மட்டை மட்டும் பிடித்த ஆட்டங்களே அதிகம். மாறாக, புரூக்ஸ் ராபின்சன் அடித்தது 268 ஹோம்ரன், 2,848 ஹிட். சிறந்த களத்தடுப்புக்கான கோல்ட் கிளவ் விருதை 16 முறை வாங்கிய அவரை 1983இல் முதல் வாய்ப்பிலேயே தேர்ந்தெடுத்தார்கள். 2023இல் தேர்வான ஸ்காட் ரோலனிடம் 2,077 ஹிட், 316 ஹோம்ரன், 8 கோல்ட் கிளவ். கட்டுரையாளரின் கோல் இந்த இருவரையுமே வெளியே தள்ளிவிடும்.

காரணம் அந்த இடத்தின் வேலை. மட்டையாளர் நிற்கும் ஹோம் பிளேட்டிலிருந்து தேர்ட் பேஸ் 90 அடி. வலதுகை மட்டையாளர் இழுத்து அடிக்கும் பந்து மணிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் எதிர்வினைக்குக் கிடைப்பது சுமார் 0.6 வினாடி. பந்தை நிறுத்தினால் மட்டும் ஆகாது. அங்கிருந்து ஃபர்ஸ்ட் பேஸுக்கு 127 அடி, அதாவது ஏறக்குறைய 39 மீட்டர், நேராக எறிய வேண்டும். மேஜர் லீக் ஓட்டக்காரர் ஹோமிலிருந்து ஃபர்ஸ்ட் பேஸை அடைய 4.3 வினாடி அளவில்தான் எடுத்துக்கொள்கிறார். பன்ட் (மட்டையை வீசாமல் பந்தை மெல்லத் தட்டிவிடுவது) வந்தாலோ முன்னால் ஓடி, வெறுங்கையால் அள்ளி, ஓடுகிற ஓட்டத்திலேயே எறிய வேண்டும். இதையே வருடம் 150 ஆட்டம் செய்தால் முதுகும் தோளும் சீக்கிரம் போய்விடும். டேவிட் ரைட் முதுகுத்தண்டுப் பாதிப்பால் 242 ஹோம்ரனோடு நின்றுபோனார். மொத்தக் கணக்கு பெருக நீண்ட ஆயுள் வேண்டும். இந்த இடம் ஆயுளைத் தின்கிறது. ஹால் ஆஃப் ஃபேமில் பிட்சர்கள் (பந்தெறிபவர்கள்) 80 பேருக்கு மேல் இருக்க, தேர்ட் பேஸ்மேன்கள் ஏறக்குறைய 20 பேரே இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

களத்தடுப்பை அளப்பதிலும் ஒரு பொறி இருக்கிறது. நம் ஊர் அணித் தேர்வுகளிலும் அது வழக்கமாக நடக்கும். ஸ்கோர் புத்தகத்தில் 'எரர்' (பிடிப்பதிலோ எறிவதிலோ செய்த தவறு) குறைவாக இருப்பவரே நல்ல ஃபீல்டர் என்று எழுதிவிடுகிறார்கள். சரளை கிடக்கும் மைதானத்தில் பந்தைத் தொடவே போகாத பையனுக்கு எரர் விழாது. பாய்ந்து தொட்டுத் தவறவிட்டவனுக்கு விழும். மட்டையில் பந்து படும் நொடியில் அவனுடைய முதல் அடி எந்தப் பக்கம் போகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும். எட்டிப்பிடிக்கும் பரப்பைக் கணக்கில் எடுக்கும் டிஃபென்சிவ் ரன்ஸ் சேவ்ட் என்ற அளவு 2003 முதல்தான் இருக்கிறது. அதற்கு முந்தைய வீரர்களின் களத்தடுப்பு மதிப்பு, பழைய ஆட்டக் குறிப்புகளை வைத்துப் போட்ட மதிப்பீடு. ஆகவே ராபின்சனையும் இன்றைய வீரரையும் தசமப் புள்ளி வரை ஒப்பிட்டுச் சண்டை போடுவது வீண்.

எங்கள் பரிந்துரை வார் (WAR) என்ற கணக்கு. எளிதில் கிடைக்கும் ஒரு மாற்று வீரரைவிட இவர் எத்தனை வெற்றியைக் கூடுதலாகச் சேர்த்தார் என்பதே அது. மட்டை, ஓட்டம், களத்தடுப்பு மூன்றையும் ரன்னாக மாற்றுவார்கள். எந்த இடத்தில் ஆடுகிறார் என்பதற்கும் திருத்தம் உண்டு: தேர்ட் பேஸுக்குச் சில ரன் கூடும், ஃபர்ஸ்ட் பேஸுக்குக் குறையும். ஏறக்குறைய 10 ரன் ஒரு வெற்றி. பேஸ்பால் ரெஃபரன்ஸ் தளத்தின் கணக்கில், ஹால் ஆஃப் ஃபேம் தேர்ட் பேஸ்மேனின் சராசரி 70க்குச் சற்றுக் கீழே. சிறந்த 7 சீசன்களை மட்டும் கூட்டினால் 43 அளவில். ரோலன் 70, பெல்ட்ரே 93, ஷ்மிட் 106. முழு வாழ்க்கைக் கணக்கை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். உச்சத்தில் எப்படி ஆடினார் என்பதையும் பக்கத்தில் வைக்க வேண்டும்.

இனி மூவரைப் பார்ப்போம். 2025 சீசன் முடிவில் மேனி மச்சாடோ, நோலன் அரெனாடோ, ஹோசே ராமிரெஸ் மூவரின் வாரும் 60ஐ ஒட்டியே நிற்கிறது.

மச்சாடோ 369 ஹோம்ரன் அடித்திருக்கிறார், 2,000 ஹிட்டையும் கடந்துவிட்டார், அப்போது வயது 33. சான் டியேகோ அணியுடன் ஒப்பந்தம் 2033 வரை. வருடத்துக்கு 22 ஹோம்ரன் என்றாலும் ஆறு சீசனில் 500 வந்துவிடும். கட்டுரையாளரின் கோலிலேயே தேறக்கூடியவர் இவர் ஒருவர்தான். இரண்டு கோல்ட் கிளவும் கையில் இருக்கின்றன. காயம் வராவிட்டால் இவரைப் பற்றி வாதமே தேவைப்படாது.

ராமிரெஸ் 2,000 ஹிட்டை இன்னும் தொடவில்லை, கோல்ட் கிளவும் இல்லை. ஆனாலும் எங்கள் ஓட்டு முதலில் அவருக்குத்தான். வலது, இடது இரு பக்கமும் நின்று மட்டை பிடிப்பவர்; 285 ஹோம்ரன், 287 பேஸ் திருட்டு (பந்து அடிபடக் காத்திராமல் ஓடி அடுத்த பேஸைப் பிடிப்பது) என இரண்டும் சமமாக நிற்கும் தேர்ட் பேஸ்மேன் வேறு யார்? 2024இல் 39 ஹோம்ரன், 41 திருட்டு. கடைசி ஆட்டம் மழையில் கைவிடப்பட்டதால் ஒரே சீசனில் 40 ஹோம்ரன், 40 திருட்டு என்ற 40-40 ஒரே ஒரு ஹோம்ரனில் தவறியது. சீசனின் மதிப்புமிக்க வீரருக்கான எம்விபி விருது வாங்கியதில்லை. ஆனால் அந்த ஓட்டில் முதல் ஐந்து இடத்துக்குள் ஆறு முறை வந்திருக்கிறார். சிறந்த 7 சீசன் கணக்கும் 43ஐ ஒட்டியே இருக்கிறது.

சிக்கல் அரெனாடோவிடம்தான். முதல் பத்து சீசனிலும் தொடர்ந்து பத்து கோல்ட் கிளவ். 353 ஹோம்ரன். ஆனால் முதல் எட்டு சீசன் ஆடியது டென்வரின் கூர்ஸ் ஃபீல்ட் மைதானத்தைச் சொந்த மைதானமாகக் கொண்டு. டென்வர் 1,600 மீட்டர் உயரம், நம் ஏற்காட்டைவிடக் கொஞ்சம் மேலே. காற்று அடர்த்தி குறைவதால் அடித்த பந்து கூடுதல் தூரம் போகும். பிட்சரின் வளைவுப் பந்தும் சரியாக வளையாது. 2002 முதல் பந்துகளை ஈரப்பத அறையில் வைத்தே எடுக்கிறார்கள்; அப்படியும் வித்தியாசம் முழுக்கப் போகவில்லை. அங்கே ஆடிய காலத்தில் அரெனாடோவின் ஓபிஎஸ் (பேஸை எட்டும் விகிதத்தையும் அடியின் வலுவையும் கூட்டிய மட்டை அளவு) சொந்த மைதானத்தில் .985 அளவில், வெளியூரில் .790 அளவில். இதைக் காட்டித்தான் அவரைக் கழிக்கிறார்கள். ஆனால் மைதானத்தின் தாக்கம் வார் கணக்கில் ஏற்கெனவே கழிக்கப்பட்டிருக்கிறது; மறுபடியும் கழித்தால் ஒரே குற்றத்துக்கு இரண்டு அபராதம். 2022இல் செயின்ட் லூயிஸில், கடல்மட்டத்தை ஒட்டிய மைதானத்தில் ஆடி எம்விபி ஓட்டில் மூன்றாம் இடம் பிடித்ததும் அதே அரெனாடோதான். அதன்பின் மட்டை சரிந்தது உண்மை. எங்கள் கணிப்பில் உள்ளே போவார், ஆனால் காத்திருக்க நேரும். அதே மைதானத்தில் ஆடிய லாரி வாக்கர் பத்தாவது, அதாவது கடைசி, வாய்ப்பில்தான் 2020இல் தேர்வானார்.

மற்ற தேர்ட் பேஸ்மேன்களான அலெக்ஸ் பிரெக்மன், ஆஸ்டின் ரைலி பற்றி இப்போது பேச ஒன்றுமில்லை.

காத்திருப்பு ஏன் வருகிறது என்பதையும் கட்டுரை சொல்லவில்லை. பத்து சீசன் ஆடி, ஓய்வு பெற்று ஐந்து ஆண்டு கழிந்த பிறகே பெயர் ஓட்டுச்சீட்டுக்கு வரும். பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தின் மூத்த உறுப்பினர்கள் ஓட்டளிப்பார்கள். 75 சதவீதம் வேண்டும். ஒருவர் அதிகபட்சம் 10 பேருக்கே ஓட்டுப் போடலாம். 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பெயர் நீங்கிவிடும். பத்து ஆண்டுக்கு மேல் சீட்டில் இருக்கவும் முடியாது. சீட்டில் கூட்டம் அதிகமாக இருந்த 2018இல் ரோலனுக்குக் கிடைத்தது 10.2 சதவீதம், கூட்டம் கலைந்தபின் 2023இல் 76.3. ஆட்டத்தை நிறுத்திவிட்ட அவருடைய எண்கள் இடையில் ஒன்றுகூட மாறவில்லை. ரான் சான்டோ 342 ஹோம்ரன், ஐந்து கோல்ட் கிளவோடு எழுத்தாளர்களிடம் தோற்று, இறந்து ஓராண்டு கழித்துத்தான் 2011இல் தனிக்குழுவால் தேர்வானார். கிரேக் நெட்டில்ஸ் 390 ஹோம்ரன் அடித்தும் இன்னும் வெளியே நிற்கிறார்.

சான்டோவின் அதே 342 ஹோம்ரனோடு 2023இல் கடைசியாக ஆடிய தேர்ட் பேஸ்மேன் இவான் லாங்கோரியாவின் பெயர் 2029இல் சீட்டுக்கு வரும். அரெனாடோவுக்கு எழுத்தாளர்கள் என்ன செய்வார்கள் என்பது அந்த ஓட்டிலேயே பாதி தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பள்ளி பேஸ்பால் பயிற்சியாளர்கள் சிலர்,
கிருஷ்ணகிரி.